மூலத்தைத் தொடாத திருத்தம்

ஜிசிசி என்னும் சி மொழிக் கம்பைலர் நிறுவப்பட்ட ஒரு பழைய யூனிக்ஸ் கணினியின் அடைவுகளுக்குள் தேடிக்கொண்டே போனால், ஓரிடத்தில் தலைமேல் ஒரே குறிப்பைத் தாங்கிய கோப்புகள் சிலவற்றைக் காணலாம். இந்தக் கோப்பைத் திருத்த வேண்டாம். இன்ன அடைவிலுள்ள இன்ன கோப்பிலிருந்து இது தானியங்கி முறையில் திருத்தி எடுக்கப்பட்டது. கணினி உற்பத்தியாளர் கொடுத்த மூலத்தில் தரநிலைக்குப் புறம்பான வழக்குகள் இருந்ததால் இவ்வாறு செய்ய நேர்ந்தது. அக்குறிப்பின் சாரம் இவ்வளவே. அதன் கீழே திருத்தப்பட்ட படி தொடங்குகிறது. திருத்தப்படாத மூலமோ வேறோர் அடைவில், ஓர் எழுத்தும் மாறாமல், தன் பிழைகளோடு அப்படியே இருக்கிறது.

சுவடிப் பதிப்புகளோடு பழகியவர்களுக்கு இந்தக் குறிப்பின் தொனி புதிதாகத் தோன்றாது. ஏடு எழுதியவர் எங்கோ கைதவறுகிறார். பதிப்பிக்க வருகிறவர் அதைக் காண்கிறார். மூலத்திலேயே திருத்திவிட்டு வாளாவிருப்பதா, பிழையை அப்படியே அச்சிட்டுவிட்டு அடிக்குறிப்பில் சொல்வதா, இரண்டையும் அருகருகே வைத்து முடிவை வாசகரிடம் விடுவதா என்ற கேள்வி பதிப்புத் தொழில் உள்ளவரை இருக்கும். அதே கேள்வியை 1980-களின் இறுதியில் நிரலாளர்கள் சிலர் எதிர்கொண்டார்கள். அவர்கள் கண்ட விடைக்கு ஃபிக்ஸ்இன்க்ளூட்ஸ் என்று பெயர். கணினி வரலாற்று நூல்களில் இதற்கு ஓர் அத்தியாயம் கிடைப்பது அரிது. ஆயினும், தம்முடையதல்லாத ஒரு பிரதியைத் திருத்த நேர்ந்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு சான்றை நாம் கண்டதில்லை. அந்தச் சான்றில் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

*

முதலில் தலைப்புக் கோப்பு என்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

நம் பழைய நூல்களுக்குப் பாயிரம் எப்படியோ அப்படிச் சி மொழி நிரலுக்குத் தலைப்புக் கோப்பு. நிரலின் முதல் சில வரிகளில் இன்னின்ன கோப்புகளைச் சேர்த்துக்கொள் என்று எழுதுகிறோம். திரையில் எழுத, கோப்பைத் திறக்க, சரத்தின் நீளத்தை அளக்க என்று இயங்குதளம் தரும் ஒவ்வொரு வசதிக்கும் உரிய பெயரும், அது ஏற்கும் பொருள்களும், திருப்பித் தரும் விடையின் வகையும் அக்கோப்புகளில் அறிவிக்கப்பட்டிருக்கும். நிரல்பெயர்ப்பி என்று பாடநூல்கள் கூறும் கம்பைலர், நாம் எழுதிய நிரலைத் தொடுவதற்கு முன் இந்தப் பாயிரங்களைப் படிக்கிறது. பாயிரம் பிழையானால் நூல் முழுதும் பிழைபடும்.

சி மொழி பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியின் கையில் 1970-களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. தலைப்புக் கோப்புகளைச் சேர்க்கும் வேலையைச் செய்வது முன்செயலி என்னும் பகுதி. 1972, 1973-ஐ ஒட்டி மொழியில் நுழைந்த அதனைப் பின்னர் மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோர் விரிவாக்கினர். கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதி 1978-இல் வெளிவந்த நூல்தான் பல்லாண்டுகள் சி மொழிக்கு இலக்கணமாக இருந்தது. ஆனால் இலக்கணம் சொல்லாமல் விட்ட இடங்கள் அதில் பல இருந்தன. அந்த இடங்களில் எல்லாம் பெல் ஆய்வகத்தின் கம்பைலர் எதை ஏற்றதோ அதுவே வழக்காயிற்று. இலக்கணம் வாய்மூடிய இடத்தில் வழக்கு ஆட்சி செய்வது மொழிகளின் இயல்புதானே.

1984-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் பிரிக்கப்பட்டபின் யூனிக்ஸ் முழு அளவில் வணிகப் பொருளாயிற்று. சன், டிஜிட்டல், ஹெச்.பி., ஐ.பி.எம்., சிலிக்கன் கிராஃபிக்ஸ் என ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு யூனிக்ஸை விற்றது. சன்ஓஎஸ், அல்ட்ரிக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ், ஏஐஎக்ஸ், ஐரிக்ஸ் என்பன அவற்றின் பெயர்கள். இயங்குதளம், கம்பைலர், தலைப்புக் கோப்புகள் மூன்றும் ஒரே வீட்டில் பிறந்தவை. தலைப்புக் கோப்பில் ஒரு பிழை இருந்தால், அதே வீட்டுக் கம்பைலர் அதைப் பொறுத்துக்கொள்ளும். குழந்தையின் மழலை தாய்க்குப் புரிவதுபோல. வெளியாள் ஒருவர் வந்து நின்று கேட்கும்வரை அது மழலை என்றே வீட்டாருக்குத் தெரியாது.

*

வெளியாள் 1987-இல் வந்தார். குனூ திட்டத்தை 1983-இல் அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தம் கம்பைலரின் முதல் வெளியீட்டை 1987-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்டார். எவரும் இலவசமாகப் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம். தொடக்கத்தில் இரண்டொரு வகைக் கணினிகளுக்கு மட்டும் எழுதப்பட்ட ஜிசிசி சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ் கணினிகளிலும் குடியேறிற்று. ஆனால் அது தனக்கென ஓர் இயங்குதளத்தைக் கொண்டுவரவில்லை. சென்ற வீட்டில் எந்தத் தலைப்புக் கோப்புகள் இருந்தனவோ அவற்றையே அது படிக்க வேண்டியிருந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் இலக்கணமும் மாறிக்கொண்டிருந்தது. சி மொழிக்கு ஒரு தரநிலை வகுக்க அமெரிக்காவில் 1983-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் முடிவு 1989-இல் ஆன்சி தரநிலையாக ஏற்கப்பட்டு, அடுத்த ஆண்டே பன்னாட்டுத் தரநிலையும் ஆயிற்று. அதுவரை வழக்கு மட்டுமே ஆண்ட இடங்களில் இப்போது விதி வந்தது. சில இடங்களில் விதி வழக்கை ஏற்றது. சில இடங்களில் மறுத்தது. ஜிசிசி புதிய விதியின் பக்கம் நின்றது. உற்பத்தியாளர்களின் தலைப்புக் கோப்புகளோ பெரும்பாலும் பழைய வழக்கில் எழுதப்பட்டவை.

மோதல் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். கடவுச்சொல் கேட்கும்போது தட்டும் எழுத்துகள் திரையில் தோன்றக்கூடாது. அதற்கு நிரலானது, எழுத்துகளை எதிரொலிக்காதே என்று முனையத்துக்குச் சொல்ல வேண்டும். யூனிக்ஸில் இத்தகைய கட்டளைகள் ஐஆக்டில் என்னும் வாயிலின் வழியே, ஓர் எண்ணாகக் கெர்னலுக்குப் போகின்றன. அந்த எண்ணைக் கட்டும் மேக்ரோக்கள் ஒரு தலைப்புக் கோப்பில் இருக்கும். எண்ணின் ஒரு பகுதி, கட்டளை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தின் குறியெண். டெர்மினல் என்பதன் முதலெழுத்தான டி முனையத்துக்கு, எஃப் கோப்புக்கு, எஸ் சாக்கெட்டுக்கு, ஐ பிணைய இடைமுகத்துக்கு.

பெர்க்கிலியிலிருந்து வந்த யூனிக்ஸில் இந்த மேக்ரோவை எழுதியவர்கள் ஒரு சிக்கனம் செய்தார்கள். மேக்ரோவின் வரையறையில், ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எக்ஸ் என்று எழுதினார்கள். அந்த எக்ஸ் மேக்ரோவுக்கு வரும் உருப்படியின் பெயர். பயன்படுத்துமிடத்தில் மேற்கோள் இல்லாமல் டி என்று மட்டும் கொடுத்தால் போதும். மேற்கோளுக்குள் இருக்கும் எக்ஸின் இடத்தில் டி போய் உட்கார்ந்துகொள்ளும். டி-யின் குறியெண் 116. எல்லாம் சரியாக நடந்தது. ஏனென்றால் ரைசரின் முன்செயலி மேற்கோள் குறிகளுக்கு உள்ளேயும் நுழைந்து பெயர்களை மாற்றும் வழக்கமுடையது.

ஆன்சி தரநிலை இதை ஏற்கவில்லை. மேற்கோளுக்குள் இருப்பது எழுத்து. அதைத் தொடக்கூடாது என்று அது விதித்தது. சொல்லைச் சரமாக்க விரும்புவோர்க்கு ஒரு தனிக்குறியை அது வழங்கியது. ஆனால் தனியெழுத்துக்கு அப்படி ஒரு மாற்றுவழியைத் தரவில்லை. ஆகவே புதிய விதிப்படி நடக்கும் கம்பைலர் இந்த மேக்ரோவைப் படித்தால், டி கொடுத்தாலும் எஃப் கொடுத்தாலும் எஸ் கொடுத்தாலும் கிடைப்பது எக்ஸ்தான். அதன் குறியெண் 120. எப்போதும் 120.

இதில் அச்சமூட்டும் செய்தி என்னவென்றால், கம்பைலர் ஒரு சொல்லும் முணுமுணுக்காது. இலக்கணப்படி அங்கே பிழை எதுவும் இல்லை. நிரல் உருவாகும், ஓடும், முனையத்துக்குக் கட்டளை அனுப்பும். கெர்னலோ தனக்குத் தெரியாத ஓர் எண்ணைக் கண்டு மறுத்துவிடும். நிரலை எழுதியவர் தம் வரிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பார். பிழை அங்கே இருக்காது. அவர் ஒருபோதும் திறந்து பார்த்திராத பாயிரத்தில் இருக்கும்.

*

இந்த நிலையில் ஜிசிசியை வளர்த்தவர்கள்முன் சில வழிகள் இருந்தன.

கம்பைலரையே பழைய வழக்குக்கு வளைக்கலாம். அதற்கென மரபுவழிப் படி என்ற பொருளில் ஒரு தெரிவை ஜிசிசி வைத்திருக்கவும் செய்தது. ஆனால் அதை எப்போதும் போட்டுக்கொண்டிருந்தால் புதிய தரநிலை எதற்கு? இரண்டாவது வழி, உற்பத்தியாளரின் கோப்புகளை அவை இருக்கும் இடத்திலேயே திருத்துவது. அதற்குக் கணினி நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். மேலும் அதே கோப்புகளை அந்த வீட்டுக் கம்பைலரும் படிக்கிறது. ஒருவருக்காகத் திருத்தியது இன்னொருவருக்குப் பிழையாகிவிடலாம். மூன்றாவது, திருத்திய கோப்புகளை ஜிசிசியுடன் சேர்த்தே வழங்குவது. அக்கோப்புகள் நிறுவனங்களின் உரிமைப் பொருள்கள். கட்டற்ற மென்பொருளோடு அவற்றைக் கட்டிக் கொடுக்க இயலாது. நான்காவது, உற்பத்தியாளர் திருத்தும்வரை காத்திருப்பது. அவர்கள் கம்பைலருக்கு அக்கோப்புகளால் ஒரு தொல்லையும் இல்லை எனும்போது அவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

தேர்ந்தது ஐந்தாவது வழி. ஜிசிசி தனக்கென ஓர் அடைவை வைத்திருக்கும். தலைப்புக் கோப்பு எதைக் கேட்டாலும் அங்கேதான் முதலில் தேடும். இல்லையென்றால்தான் இயங்குதளத்தின் பொது அடைவுக்குப் போகும். இந்தத் தேடல் வரிசையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜிசிசியை ஒரு கணினியில் நிறுவும்போதே ஒரு கருவி ஓடும். அது பொது அடைவிலுள்ள கோப்புகளைப் படிக்கும். தெரிந்த பிழை வடிவங்களைத் தேடும். கண்டால், அந்தக் கோப்பின் படியை எடுத்துத் திருத்தி, குறிப்பைத் தலையில் எழுதி, ஜிசிசியின் சொந்த அடைவில் வைக்கும். திருத்தம் தேவைப்படாத கோப்புக்குப் படியும் இல்லை. உரிமையாளரின் பொருள் உரிமையாளரின் கணினியிலேயே இருக்கிறது. வழங்கப்படுவது திருத்தும் முறை மட்டுமே. இன்னொருவர் வீட்டுச் சுவடியை எடுத்துச் செல்லாமல், அங்கேயே உட்கார்ந்து தம் கையேட்டில் திருத்தப் பாடம் எழுதிக்கொள்ளும் பதிப்பாசிரியரை இது நினைவூட்டுகிறது.

மேலே சொன்ன முனையக் கட்டளைக்கு இக்கருவி செய்த வைத்தியம் எளிது. வரையறையில் இருந்த மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு, பயன்படுத்தப்படும் இடங்களில் போட்டது. குறி இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு திருத்தங்களும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் முன்பிருந்த பிழையைவிட மோசமான பிழை விளையும். மேலும், தம் நிரலில் அதே மேக்ரோவைப் பழைய முறையில் பயன்படுத்தியிருந்த மூன்றாமவர், திருத்தப்பட்ட கோப்போடு இணங்க வேண்டுமானால் தம் நிரலையும் மாற்றியாக வேண்டும். ஒரு பாடத்தைத் திருத்தினால் அதற்கு எழுதப்பட்ட உரைகளும் ஆட்டம் காணும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள்.

*

பிற திருத்தங்களையும் விரைவாகப் பார்க்கலாம். அவற்றில் ஒரு காலத்தின் பேச்சுவழக்கே பதிவாகியிருக்கிறது.

நிபந்தனைத் தொகுதி ஒன்றை முடிக்கும் எண்ட்இஃப் என்ற சொல்லுக்குப் பின்னால், எந்த நிபந்தனை முடிகிறது என்பதை நினைவுக்காக எழுதிவைப்பது அக்காலத்து நிரலாளர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் புதிய தரநிலை அந்த இடத்தில் வேறு சொல் வரலாகாது என்றது. கருவி அச்சொல்லை நீக்கிவிட்டது.

வாக்ஸ், சன், யூனிக்ஸ் முதலிய பெயர்களைக் கம்பைலரே முன்கூட்டி வரையறுத்து வைத்திருக்கும். தலைப்புக் கோப்புகள் அவற்றைக் கொண்டு எந்தக் கணினி என்று தெரிந்துகொள்ளும். அடிக்கோடு இல்லாத பெயர்கள் நிரலாளருக்கே உரியவை, கம்பைலர் அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தரநிலை சொன்னது. ஆகவே கண்டிப்பான முறையில் ஓடும் ஜிசிசி அப்பெயர்களை வரையறுக்காது. அப்போது வாக்ஸ் கணினியிலேயே, இது வாக்ஸா என்று கேட்கும் தலைப்புக் கோப்புக்கு இல்லை என்று விடை கிடைக்கும். கருவி அப்பெயர்களின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளைச் சேர்த்தது.

சன்ஓஎஸ்ஸின் ஒரு கோப்பில், சரத்தின் நீளத்தை அளக்கும் செயற்கூறு சாதாரண முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. தரநிலை அதற்குத் தனி வகையொன்றைக் கேட்டது. நினைவகம் கேட்கும் செயற்கூறு எழுத்தைச் சுட்டும் சுட்டியைத் தருவதாக இருந்தது. தரநிலை வகை சுட்டாத பொதுச் சுட்டியைக் கேட்டது. கணித வசதிகளுக்கான கோப்பில் எக்ஸெப்ஷன் என்ற பெயரில் ஒரு கட்டமைப்பு பல காலமாக இருந்தது; பின்னர் வந்த சி++ மொழி அதே பெயரைத் தன் அடிப்படை வகுப்பு ஒன்றுக்கு வைத்துக்கொண்டது. பழைய கோப்பை எழுதியவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பின்னால் வந்த மொழி ஒன்று தன் பெயரையே தேர்ந்தெடுக்கும் என்று அவர் எப்படி அறிவார்? இப்படிப் பிழை என்று நாம் எண்ணித் திருத்துவனவற்றில் ஒரு பகுதி காலத்தின் இடைவெளி மட்டுமே.

*

தொடக்கத்தில் இக்கருவி யூனிக்ஸின் செட் என்னும் வரித்திருத்தியைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு ஷெல் நிரலாக இருந்தது. புதிய கணினி வரவர நிரல் நீண்டது. சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டுக்கு ஒன்று, எஸ்.சி.ஓ.வுக்கு ஒன்று, ஐரிக்ஸுக்கு ஒன்று என்று கிளைகளும் தோன்றின. ஓரிடத்தில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குப் போய்ச் சேராத நிலை. 1990-களின் பிற்பகுதியில் புரூஸ் கார்ப் என்பவர் இதைப் புதுக்கினார். தாம் எழுதிய ஆட்டோஜென் என்னும் கருவியின் துணையோடு, எல்லாத் திருத்தங்களையும் ஒரே பட்டியலாக்கினார்.

அப்பட்டியல் படிக்கத்தக்க ஓர் ஆவணம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தெந்தக் கோப்புகளில் தேட வேண்டும், எந்த வடிவம் கண்ணில் பட்டால் திருத்தலாம், எந்த வடிவம் இருந்தால் கைவைக்காமல் விலக வேண்டும், என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்பன வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இறுதியில் சோதனைக்காகப் பிழையுள்ள பாடத்தின் ஒரு துண்டு. திருத்தத்தை அத்துண்டின்மேல் ஓட்டி, எதிர்பார்த்த விளைவு வருகிறதா என்று எவரும் சரிபார்க்கலாம். விலக வேண்டிய இடத்தைச் சொல்லும் பகுதியை நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். திருத்த வந்தவருக்குத் திருத்தக்கூடாத இடம் தெரிந்திருப்பது சிறிய தகுதி அன்று.

*

இனிக் குறைக்கு வருவோம்.

கோப்பின் தலையிலுள்ள குறிப்பு, எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்று சொல்கிறது; ஏன் திருத்தியது என்று சொல்கிறது. எந்த நாளில், மூலத்தின் எந்த நிலையிலிருந்து என்று மட்டும் சொல்வதில்லை.

ஒரு கணினியில் ஜிசிசி நிறுவப்பட்டது. தலைப்புக் கோப்புகளின் திருத்தப் படிகள் உருவாயின. ஓராண்டு கழித்து உற்பத்தியாளர் இயங்குதளத்தைப் புதுப்பிக்கிறார். பொது அடைவில் புதிய கோப்பு வந்துவிடுகிறது; அதில் பழைய பிழை நீங்கியிருக்கவும் கூடும். ஆனால் ஜிசிசி முதலில் தேடுவது தன் அடைவில் அல்லவா? அங்கே பழைய கோப்பின் படி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மூலம் திருந்திவிட்டது, திருத்தம்தான் பிழையாகிவிட்டது.

சோலாரிஸ் பயனர்கள் இதை நன்கு அறிந்தார்கள். 1992-இல் வந்த சோலாரிஸ் 2-இலிருந்து சன் நிறுவனம் கம்பைலரைத் தனியே விலைக்கு விற்கத் தொடங்கியது. கம்பைலர் இல்லாத கணினியில் கம்பைலரை எப்படி உருவாக்குவது? வேறெங்கோ வேறொருவர் உருவாக்கிய ஜிசிசியை அப்படியே இறக்கிக்கொள்வதே பலரும் செய்தது. அதனோடு வந்த திருத்தப் படிகள், உருவாக்கியவருடைய கணினியின் கோப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இறக்கிக்கொண்டவரின் கணினியில் இருப்பதோ வேறொரு வெளியீடு. இயங்குதளம் மாறும்போதெல்லாம் திருத்தப் படிகளைப் புதிதாக எடுக்க ஒரு சிறு கருவியை ஜிசிசி உடன் தந்தது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்கள்தானே அதை ஓட்ட முடியும்!

லினக்ஸில் கதை வேறு. அங்கே குனூவின் சொந்த நூலகக் கோப்புகளே பெரும்பாலும் தரநிலையை ஒட்டி எழுதப்பட்டவை; திருத்தத் தேவை குறைவு. ஆயினும் கருவி எதையோ பிழையென்று கருதிப் படியெடுத்துவிடுவதும், பிறகு அந்தப் படி பழசாகித் தொல்லை தருவதும் நிகழ்ந்தன. லினக்ஸை மூலநிரலிலிருந்து தாமே கட்டிக்கொள்ள வழிகாட்டும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் நூலின் 6-ஆம் வரிசைப் பதிப்புகள், இந்தக் கருவி ஓடாமல் தடுப்பதையே கட்டுமானத்தின் ஒரு படிநிலையாக வைத்திருந்தன. மருந்தே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவக் குறிப்பு!

ஆப்பிள் கணினிகளில் இது மீண்டும் தலைகாட்டியது. ஆப்பிள் நிறுவனம் கிளாங் என்னும் வேறு கம்பைலரைத் தனதாக்கிக்கொண்டபின், 2009 முதல் அதன் தலைப்புக் கோப்புகளில் பிளாக்ஸ் என்னும் புதிய அமைப்பு இடம்பெறலாயிற்று. ஜிசிசி அறியாத வழக்கு அது. மறுபடியும் ஒரே வீட்டில் பிறந்த கம்பைலரும் கோப்புகளும். மறுபடியும் வாசலில் நிற்கும் வெளியாள். கருவிப் பட்டியலில் ஆப்பிளுக்கென்றே புதிய திருத்தங்கள் சேர்ந்தன. ஆப்பிளின் கருவிகள் புதுப்பிக்கப்படும்போது பழைய படி இடறுவதும் தொடர்ந்தது.

*

இந்தக் குறைக்கு மாற்று இல்லாமல் இல்லை. படியெடுக்காமல், மூலத்தின்மேல் ஒரு மெல்லிய உறையைப் போர்த்தலாம். ஜிசிசியில் அடுத்ததைச் சேர்த்துக்கொள் என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு. உறைக் கோப்பு தான் சொல்ல வேண்டிய ஓரிரு வரிகளைச் சொல்லிவிட்டு, இதே பெயரில் அடுத்த அடைவில் உள்ளதைப் படி என்று மூலத்துக்கு வழிவிடும். குனூவின் க்னுலிப் என்னும் தொகுதி இந்த வழியையே பின்பற்றுகிறது. மூலம் நாளை மாறினால், படிக்கப்படுவது நாளைய மூலமே. இது பாடத்தைத் திருத்துவதைவிட உரையெழுதுவதற்கு நெருக்கமானது.

ஆனால் உரையால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. மூலத்தின் ஒரு வரியைப் படித்த மாத்திரத்தில் கம்பைலர் நின்றுவிடுமானால், உறை என்ன சொன்னாலும் பயனில்லை. அந்த வரியை மாற்றிய படி ஒன்று வேண்டும். ஆகவே இரண்டு வழிகளும் இன்றுவரை இருந்துவருகின்றன.

இலக்கணமும் நின்றபாடில்லை. 2024-இல் வெளியான சி23 தரநிலையில், செயற்கூற்றின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் விட்டால், அது எந்த உருப்படியையும் ஏற்காது என்று பொருள். 1978-இன் வழக்கில் அதே வெற்று அடைப்புக்குறிக்கு, உருப்படிகளைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை என்று பொருள். சொல்லாமை, இல்லை என்பதாக மாறிவிட்டது. 2025-இல் வந்த ஜிசிசி 15, வேறு தெரிவு சொல்லாதபோது சி நிரல்களை இந்தப் புதிய தரநிலையை ஒட்டியே படிக்கிறது. நேற்றுவரை சரியாக இருந்த எத்தனையோ அறிவிப்புகள் எழுதியவர் கைபடாமலேயே பிழையாகியிருக்கின்றன. பட்டியலுக்கு வேலை இருக்கிறது.

ஒரு பிரதியைத் திருத்துகிறவருக்கு மூன்று கடன்கள் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. மூலத்தை அழிக்காதிருத்தல், திருத்தியதைத் திருத்தியதாகச் சொல்லுதல், எந்த நாளில், எந்த மூலத்தைக் கண்டு திருத்தினோம் என்று எழுதிவைத்தல். பெயர் அதிகம் தெரியாத அந்த நிரலாளர்கள் முதலிரண்டு கடன்களையும் பெரும் பதிப்புகள் சில செய்யத் தவறிய அளவுக்குச் செவ்வனே செய்தார்கள். மூன்றாவதைத் தவறவிட்டதன் விலையை, காரணம் புரியாமல் இரவு முழுதும் விழித்திருந்து தம் நிரலையே சந்தேகித்தவர்கள் கொடுத்தார்கள்.

அவர்களில் யாரேனும் சலித்துப்போய் அந்த அடைவைத் திறந்து, படியின் தலையிலுள்ள குறிப்பைப் படித்திருந்தால், மூலம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அது அங்கேயே, தொடப்படாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் காத்திருந்தது.